பதில்: மாங்காடு பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை வாங்கலாமா?

சார், பட்டாவும் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடமும் இருப்பதால் அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. மாங்காடு சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் வருவதால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதிதான் செல்லும். பட்டா என்பது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் சொல்லும், அதில் வீடு கட்டலாமா என்று சொல்லாது.

விற்பவரிடம் சிஎம்டிஏ ஒப்புதல் எண் கேளுங்கள். இல்லையென்றால் 2017 வரன்முறை விதிகளின்படி (அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் விதிகள்) வந்த ஆணையைக் கேளுங்கள். அந்த லேஅவுட்டில் ஒரு மனையாவது 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் பதிவாகியிருந்தால்தான் அந்த வழியே திறக்கும். வில்லங்கச் சான்று போட்டால் அது தெரிந்துவிடும். "அப்புறம் நாமே வரன்முறை செய்துக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால், செய்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளிக் கட்டணம் எல்லாம் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், சர்வே எண்ணை வைத்து 2008-ல் வந்த சிஎம்டிஏவின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) நிலப் பயன்பாடு என்னவென்று பாருங்கள். விவசாயம் என்றிருந்தால் வகை மாற்றம் தனி அலைச்சல். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்றால் பேச்சே வேண்டாம், அதை வரன்முறை செய்யவே மாட்டார்கள்.