பாட்டியின் முகத்தை மையில் வரைவது எப்படி?

கேள்வி: பத்து ஆண்டுகளாகப் பென்சிலில் முகங்களை வரைந்து வருகிறேன். அண்மையில் மைப் பேனாக்கள் நான்கும், தூரிகைகள் மூன்றும், ஒரு புட்டி இந்தியன் இங்க்கும் (ஓவியர்கள் பயன்படுத்தும் அடர்ந்த கறுப்பு மை) வாங்கினேன். 76 வயதாகும் என் பாட்டியை முதலில் வரைந்தேன். பென்சிலில் அவராகவே இருந்தவர், அதன்மேல் பேனாவால் கோடு போட்டு முடித்ததும் முகமெல்லாம் கீறல் விழுந்தவர்போல ஆகிவிட்டார். பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். பென்சிலுக்கே திரும்பிவிடலாமா? – வாசகி, கும்பகோணம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

திரும்ப வேண்டாம். பத்து ஆண்டுப் பயிற்சி உங்கள் கண்ணில் இருக்கிறது. அது பேனாவை மாற்றியதால் போய்விடாது. நடந்தது என்னவென்றால், பென்சிலில் நீங்கள் கை அழுத்தத்தைக் குறைத்து மெல்லிய சாம்பல் நிறத்தில் காட்டிய ஒவ்வொரு சுருக்கமும், பேனாவில் கண்ணின் பாவைக்கு நிகரான கறுப்பைப் பெற்றுவிட்டது. சுருக்கம் என்பது தோலில் கிழித்த கோடு அன்று. மடிப்பு ஒன்றின் ஓரத்தில் விழும் சிறு நிழல். அதற்கு ஒரு பக்கம் மட்டுமே கூர்மை உண்டு, மறுபக்கம் வெளிச்சத்தில் கரைந்துவிடும். அதை ஒரே தடிமனான கோடாக இழுத்தால் யாருடைய முகமும் காயப்பட்டதுபோலத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த படத்தைப் பேனாவில் தொடங்காதீர்கள், தூரிகையில் தொடங்குங்கள். பாட்டியை மாலை நான்கு மணி வாக்கில் ஜன்னலோரம் ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்படி உட்காரச் சொல்லி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள்; சுருக்கங்கள் மறைந்து, கண்குழி, மூக்கின் அடி, கீழுதட்டின் அடி, தாடைக்குக் கீழுள்ள கழுத்து ஆகிய நிழல்கள் மட்டும் பெரிய திட்டுகளாக நிற்கும். பாட்டியை அடையாளம் காட்டுபவை இந்தத் திட்டுகளின் வடிவங்களே. மூன்று சிறு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மையை அப்படியே விடுங்கள். அடுத்ததில் ஒரு பங்கு மைக்கு மூன்று பங்கு தண்ணீரும், கடைசியில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரும் கலந்துகொள்ளுங்கள். மிக நீர்த்த மையால் நிழல் திட்டுகள் அனைத்தையும் முதலில் இட்டு, அது முற்றிலும் காய்ந்த பிறகு நடு மையையும், கடைசியாகச் சில புள்ளிகளில் மட்டும் முழுக் கறுப்பையும் வைக்க வேண்டும். காய்வதற்கு முன் கை வைத்தால் மை பரவிக் கலங்கிவிடும்; அந்தக் காத்திருப்புதான் இந்தப் பயிற்சியில் கடினமான பகுதி.

பேனா இதற்குப் பிறகுதான் வர வேண்டும், அதுவும் சில இடங்களுக்கு மட்டும். மேல் இமையின் ஓரத்தைத் தடிப்பாகவும், கீழ் இமையை இடையிடையே இடைவெளி விட்டும் வரையுங்கள். இரு உதடுகளும் சேரும் கோடு வேண்டும். உதட்டின் சுற்றுக்கோடு வேண்டாம். மூக்குத்தண்டுக்குக் கோடே தேவையில்லை. சிரிக்கும்போது பற்களுக்கு நடுவே கோடு போட்டால் பற்கள் கறைபட்டவைபோலத் தோன்றும் என்பதால் பல்வரிசையை ஒரே வெள்ளையாக விட்டுவிடுவது நல்லது. நரைத்த முடிக்கு ஒவ்வோர் இழையாக வரையாமல், தூரிகையில் உள்ள மையைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த முனையைச் சொரசொரப்பான தாளின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

நம்மவர் முகங்களை வரைவோருக்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கறுத்த நிறமுடையவர்களை வரையும்போது, பலர் தோலைத் தாளின் வெள்ளையாகவே விட்டு முடியை மட்டும் கறுப்பாக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் முகம் முழுவதையும் குறுக்குக் கோடுகளால் நிரப்பி மூடிவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே வருத்தமளிப்பவை. கறுத்த தோலில் நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனி ஆகியவற்றில் விழும் ஒளி மிகவும் கூர்மையாகத் தெரியும். அந்த ஒளிப்புள்ளிகளைத் தொடாமல் விட்டு, மற்ற இடங்களில் நடு மையைத் துணிந்து பரப்பினால் முகம் தன் உண்மையான நிறத்தில் எழுந்து வரும்.

பழைய பத்திரிகைகளின் கோட்டுப் படங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அக்காலத்தில் கோட்டுப் படத்தை அச்சிடப் பயன்பட்ட உலோகத் தகடான பிளாக், கறுப்பு வெள்ளை இரண்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. சாம்பல் நிறத்தைக் கோடுகளின் இடைவெளியால்தான் உண்டாக்க வேண்டும். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பி, கல்லின் வழவழப்பைக்கூட அப்படித்தான் கொண்டுவந்தார். காந்தி நூற்றாண்டான 1969-இல் ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் பாருங்கள். அவற்றில் எங்கே கோடு தடிக்கிறது, எங்கே அறுந்து நிற்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்ப்பதே ஒரு வாரப் பயிற்சிக்குப் போதும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியன் இங்க்கில் அரக்கு கலந்திருக்கும் வகைகள் உண்டு. அதை ஊற்றுப் பேனாவில் நிரப்பக் கூடாது. மாணவப் பருவத்தில் நான் அப்படி நிரப்பி, என் தந்தை கொடுத்த பேனாவை மீட்க முடியாமல் இழந்தேன். மை இறங்கும் நுண்வழியில் அரக்கு காய்ந்து இறுகிவிட்டால் பிறகு தண்ணீரில் கரையாது. அதைத் தொட்டு எழுதும் நிப்பிலும் தூரிகையிலும் மட்டும் பயன்படுத்துங்கள். உங்களிடம் உள்ள மூன்று தூரிகைகளில், தண்ணீரில் நனைத்து உதறியதும் தானாக ஒரே முனையாகக் கூடுவது எதுவோ, அது சற்றுப் பெரியதாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல முனையுள்ள ஆறாம் எண் தூரிகையால் மயிரிழைக் கோடும் போடலாம், கன்னம் முழுவதையும் நிரப்பவும் செய்யலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, முனையை விரலால் கூட்டிவிட்டு, படுக்க வைத்துக் காய வையுங்கள். ஜெராக்ஸ் தாளில் மை ஊறிச் சிதறும். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) கார்ட்ரிட்ஜ் தாளாவது, அதாவது தடித்த ஓவியத் தாளாவது வேண்டும், நீர்த்த மைக்கு 300 ஜிஎஸ்எம் இருந்தால் சுருளாது.

பென்சிலை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் கண்கள் அமைகின்றனவா என்று பார்த்துக்கொள்ள நான்கைந்து இலேசான குறிகள் போதும். முழுப் படத்தையும் பென்சிலில் முடித்துவிட்டு அதன்மேல் பேனாவை ஓட்டும்போது, கை பாட்டியைப் பார்க்காமல் ஏற்கெனவே போட்ட பென்சில் கோட்டையே பார்க்கிறது. இந்த மாதம் அவரையே இருபது முறை, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காமல், வரையுங்கள். தாளின் பின்புறம் தேதியைக் குறித்து வைத்து, இருபதையும் ஒன்றாகப் பாட்டியிடம் கொடுத்து, எது தன்னைப்போல இருக்கிறது என்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.