மனச்சிதைவு, இருமுனை நோய், மருந்துகள்: மனநல மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். ஆளில்லாமலே குரல் கேட்பது நின்றுவிட்டது. நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். குரல் நின்றதே மாத்திரையால்தான். முதல் முறை வந்த நோய் என்றாலும், குணம் தெரிந்தபின் ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வோம். நிறுத்திய மறுநாளே எதுவும் ஆகாது, அதுதான் ஆபத்து. பல வாரம் நன்றாகவே இருப்பார். வீட்டில் நம்பிக்கை வந்த நேரத்தில் தூக்கம் குறையும், சந்தேகம் தலைகாட்டும். உடல் எடை, சோர்வு தொந்தரவு என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். தினமும் விழுங்க மறுத்தால் மாதம் ஒருமுறை போடும் ஊசிகூட இருக்கிறது.

கேள்வி: இரண்டு மருந்து மாற்றியும் அண்ணனுக்குக் குரல்கள் நிற்கவில்லை. குளோசபின் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அந்த இரண்டையும் போதிய அளவில், தலா ஆறு வாரமாவது விடாமல் சாப்பிட்டாரா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அடுத்தது குளோசபின்தான். பயம் நியாயமானது. 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று வந்து இறந்தார்கள். பல நாடுகளில் விற்பனையே நின்றது. மற்ற மருந்துக்கு அசையாத நோயையும் இது குறைக்கிறது என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு திரும்பி வந்தது. தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அப்புறம் மலச்சிக்கல். கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை, ஆனால் குடல் அசைவு நின்று உயிர் போனதுண்டு. அண்ணன் சிகரெட் பிடிப்பவரா? திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்து அளவு ஏறும். விடட்டும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

கேள்வி: ஆறு வயது மகன் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை.

பதில்: குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். என் துறை அல்ல.

கேள்வி: இருமுனை நோய்க்கு (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் சாப்பிடுகிறேன். மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: கூடாது. லித்தியம் அளவை அது ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கு, நடை தள்ளாட்டம், கை நடுக்கம் கூடுதல், இவற்றில் எது வந்தாலும் உடனே ரத்தத்தில் அளவு பாருங்கள்.

கேள்வி: அம்மா நன்றாகிவிட்டார். மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தலையில் மின்சாரம் பாய்ச்சி ஷாக் கொடுப்பது கொடுமை இல்லையா? எப்படி ஆதரிக்கிறீர்கள்?

பதில்: 1938இல் ரோமில் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது, மின்சாரம் வரவழைக்கும் வலிப்பில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. அது கொடுமைதான். இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறோம். சாப்பாடு, பேச்சு எல்லாம் நின்று உறைந்துபோன ஒருவருக்கு இதைவிட வேகமாக வேலை செய்வது அநேகமாக எதுவும் இல்லை.

அவரே மறுபடி: என் சித்திக்குத் தன் மகள் கல்யாணமே ஞாபகம் இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அந்த இழப்பு நிஜம். சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் நினைவு சிலருக்குத் திரும்புவதே இல்லை. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குபவர்மேல் எனக்கும் கோபம் உண்டு.

இன்னொருவர்: எங்கள் அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தார். அதுதான் எழுப்பியது. கொடுமை என்று பேசிப் பேசி மற்றவர்களைப் பயமுறுத்தாதீர்கள்!

பதில்: அவரைப் பேச விடுங்கள். இரண்டு வீட்டிலும் நடந்தது உண்மை. அந்தச் சித்தியின் அனுபவத்தைக் கேட்டபிறகும் உங்கள் அப்பாவுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: மாமா குளோசபினை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. தூங்குவதில்லை. பழைய அளவையே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் விழும், வலிப்பும் வரலாம். பழைய மருந்துச் சீட்டோடு இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.