லினக்ஸ் சர்வரில் டிஸ்க் 100% நிரம்பியதாக, மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொல்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையை ஓட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி இடம் எங்கே போனது?

முதலில் ஒன்று: டியூவை ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி யூசராக) ஓட்டினீர்களா? சாதாரண யூசராக ஓட்டினால், நுழைய அனுமதி இல்லாத டைரக்டரிகளை விட்டுவிட்டுத்தான் அது கூட்டும். எரர் வரிகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை /டெவ்/நல்லுக்கு, அதாவது வந்ததை எல்லாம் விழுங்கிவிடும் இடத்துக்குத் தள்ளிவிட்டால் விடுபட்டதே தெரியாது. ஆகவே ரூட் அனுமதி தரும் சூடோவைச் சேர்த்து 'சூடோ டியூ -எக்ஸ்ஹெச் -டி1 / | சார்ட் -ஹெச்' என்று ஓட்டுங்கள். எக்ஸ் முக்கியம்; அது இல்லாவிட்டால் மவுன்ட் ஆகியிருக்கும் (ஒரு டைரக்டரியில் இணைக்கப்பட்டிருக்கும்) மற்ற டிஸ்குகளையும் சேர்த்துக் கூட்டிவிடும். (ஆப்ஷன் எழுத்துகள் எல்லாம் சிறியவை, பெரியது வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.)

அதற்குப் பிறகும் கணக்கு இடித்தால் இரண்டும் எதை எண்ணுகின்றன என்று பார்க்க வேண்டும். டியூ ஒவ்வொரு டைரக்டரியாக நுழைந்து, பெயர் உள்ள ஃபைல்களை மட்டும் கூட்டும். டிஎஃப் எந்த டைரக்டரிக்குள்ளும் போகாது. எத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டு) செலவாகியிருக்கிறது என்று ஃபைல்சிஸ்டத்தையே கேட்கும். எனவே பெயர் இல்லாமலோ, டியூவின் கண்ணுக்குத் தெரியாமலோ இடத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று உங்கள் சர்வரில் இருக்கிறது.

பெரும்பாலும் அது அழிக்கப்பட்ட லாக் ஃபைல். அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுத்தால் போவது பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் அதன் பிளாக்குகளை விடுவிக்காது. கண்டுபிடிக்க: 'சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1'. இங்கே எல் பெரிய எழுத்து, முன்னால் கூட்டல் குறி. லிங்க் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவான, அதாவது பெயரே இல்லாத, ஆனால் திறந்திருக்கும் ஃபைல்களை இது காட்டும். சைஸ் பத்தியில் பெரிய எண் உள்ள வரியைத் தேடுங்கள். அதில் பிஐடி (பிராசஸ் எண்) 2841, எஃப்டி (டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த ஃபைலுக்கு பிராசஸ் வைத்திருக்கும் எண்) பத்தியில் 4டபிள்யூ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2841 என்ற பிராசஸ், நான்காம் எண் டிஸ்கிரிப்டர் வழியாக இன்னும் அதை எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பிவிடும். இப்போது நிறுத்த முடியாத சர்வீஸ் என்றால், அது லாக் ஃபைல்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதைக் காலி செய்ய 'சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/2841/எஃப்டி/4' கொடுங்கள். டேட்டாபேஸ் பிராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைலில் இதைச் செய்யவே கூடாது. சூடோவுக்குப் பின்னால் '>' குறி போட்டு ஃபைலைக் காலி செய்யவும் பலர் முயல்வார்கள். அனுமதி இல்லை என்றுதான் வரும். ஏனென்றால் அந்தக் குறியைக் கையாளுவது உங்கள் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்), சூடோ அல்ல.

ட்ரங்கேட் செய்த பிறகு ஃபைல் மறுபடி பழைய சைஸுக்கே தாவியது போலத் தெரிந்தால் பதற வேண்டாம். அப்பென்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் முடிவில் சேர்க்கும் முறை) திறக்காத புரோகிராம், தான் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். முன்பகுதி வெறும் ஓட்டையாக நிற்கும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் டிஸ்கில் உண்மையில் பிடிப்பது புதிதாக எழுதியதை மட்டும்தான். டிஎஃப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

எல்எஸ்ஓஎஃப்பில் எதுவும் சிக்கவில்லையா? மவுன்ட்டுக்கு அடியில் பாருங்கள். /பேக்கப்பில் தனி டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருந்த ஒரு நாளில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால், அத்தனையும் ரூட் டிஸ்கில்தான் (/ இருக்கும் டிஸ்க்) விழுந்திருக்கும். பிறகு டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் அவை மறைந்துவிடும். 'சூடோ மவுன்ட் --பைண்ட் / /எம்என்டி' கொடுத்து, /எம்என்டி/பேக்கப் மேல் டியூ ஓட்டினால் அடியில் கிடப்பது தெரியும். வேலை முடிந்ததும் 'யூமவுன்ட் /எம்என்டி'யை மறக்காதீர்கள். இது திரும்ப வராமலிருக்க, ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1' என்று ஒரு வரி போதும்.

ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 என்றால் இன்னொரு சிறு இடைவெளி எப்போதும் இருக்கும்: வழக்கமாக 5% இடம் ரூட் யூசருக்கு ஒதுக்கப்படுகிறது. டிஎஃப் காட்டும் யூஸ்ட் (பயன்பட்டது), அவைல் (மீதி) இரண்டும் சேர்ந்தாலும் மொத்த சைஸ் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான். 1 டிபி டேட்டா டிஸ்கில் அது ஏறக்குறைய 50 ஜிபி. 'டியூன்2எஃப்எஸ் -எம் 1'உடன் அந்த டிஸ்கின் பெயரைக் கொடுத்து 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் லாகின் செய்து சரிசெய்ய அந்த இடம்தான் உதவும்.

இதைத் தேடி வருபவர்களில் சிலருக்குப் பிரச்சினை நேர் எதிராக இருக்கும்: டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, ஆனால் ஃபைல் உருவாக்கினால் இடமில்லை என்று எரர். 'டிஎஃப் -ஐ' கொடுத்துப் பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு) 100% ஆகியிருக்கும். ஈஎக்ஸ்டி4இல் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்கள் குவிந்தால் தீர்ந்துபோகும். எங்கே குவிந்திருக்கிறது என்பதை 'சூடோ டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் -டி1 / | சார்ட் -என்' காட்டும். அங்கே போய் 'ஆர்எம் *' அடித்தால் ஆர்க்யுமென்ட் பட்டியல் நீளம் என்று மறுத்துவிடும். 'ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +7 -டெலிட்' பயன்படுத்துங்கள். டெலிட் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்ப்பதால், அதை முன்னால் போட்டால் தேதி பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் டெலிட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வரும் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

லாக் ஃபைல்தான் காரணம் என்று தெரிந்தால் லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியது தொடங்கும் கருவி) அமைப்பையும் சரிசெய்யுங்கள். ரொட்டேட் ஆன பிறகு, ஃபைலை மூடிப் புதிதாகத் திறக்கச் சொல்லி போஸ்ட்ரொட்டேட் பகுதியில் சர்வீஸுக்கு சிக்னல் போக வேண்டும். அதற்கு வசதி இல்லாத புரோகிராம் என்றால் காப்பிட்ரங்கேட், அதாவது லாக்கை நகலெடுத்துவிட்டு அசலைக் காலி செய்வது. நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவில் எழுதப்படும் சில வரிகள் இதில் தொலையலாம். தணிக்கை லாக்குகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றியதும் 'லாக்ரொட்டேட் -டி'யுடன் உங்கள் கான்ஃபிக் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும்.