இரண்டாவது காருக்கு அபராதம்: சங்கத்துக்கு அந்த அதிகாரம் உண்டா?

கேள்வி: சென்னை பள்ளிக்கரணையில் 64 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன வருடம் மகனுக்காக இரண்டாவது கார் வாங்கி, விசிட்டர் பார்க்கிங் காலியாக இருக்கும்போது அங்கே நிறுத்துகிறோம். புதிய செயலாளருக்கும் எனக்கும் மோட்டார் ரிப்பேர் கணக்கில் தகராறு. அதை மனதில் வைத்து, நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 14,500 ரூபாயை மெயின்டனன்ஸ் பில்லில் சேர்த்துவிட்டார். போன ஞாயிறு சக்கரத்துக்குப் பூட்டும் போட்டார்கள். இன்னும் இரண்டு வீட்டில் இரண்டு கார் உண்டு, அவர்களை யாரும் கேட்பதில்லை. என் சொத்தில் என் காரைப் பூட்ட இவர்கள் யார்? பூட்டை உடைக்கலாமா? மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்தலாமா?

பதில்: மோட்டார் கணக்கை விடுங்கள். அந்த இரண்டு வீட்டையும் விடுங்கள். ஒன்பது வருடத்தையும்தான். உங்கள் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எத்தனை கார் பார்க்கிங் என்று எழுதியிருக்கிறது? ஒன்று என்றுதான் இருக்கும். இரண்டு இருந்திருந்தால் உங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருந்திருக்கும்.

'என் சொத்து' என்று நீங்கள் சொல்வது நிலத்தில் உள்ள பிரிபடாத பங்கு. அதில் எந்த மூலையும் தனியாக உங்களுடையது அல்ல. 2010-இல் நஹல்சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், திறந்தவெளி பார்க்கிங்கையும், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது, அவை பொது இடம் என்றது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் (ரெரா) திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடத்தில்தான் சேர்க்கிறது. இதைப் பாதி படித்துவிட்டு, 'பொது இடம்தானே, எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவேன்' என்று என்னிடம் வருபவர்கள் நிறைய. பொது இடம் என்றால் மற்ற 63 வீட்டுக்கும் உரியது என்று அர்த்தம்.

அபராதத்தில் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. வாட்ஸ்அப் அறிவிப்பு, சங்கத்தின் துணைவிதி (பைலா) ஆகாது. பொதுக்குழுவில் முறையாகக் கொண்டுவந்து, பதிவான துணைவிதியில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படியே ஏற்றியிருந்தாலும், எழுதிவைத்த தொகையை அப்படியே வசூலிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு விடாது. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான். சக்கரத்தைப் பூட்டியதும் தவறு என்றே வாதாடுவேன்.

ஆனால் நான் பயப்படுவது உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கு.

வேளச்சேரியில் என் கட்சிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி. இதே மாதிரி மஞ்சள் பூட்டு. பக்கத்து கிரில் பட்டறையிலிருந்து கிரைண்டர் வரவழைத்துக் காலை ஆறரை மணிக்கு அறுத்தார். வாட்ச்மேன் ஓடிவந்து தடுத்தார், வாய்த்தகராறு ஆனது. பூட்டின் விலை 2,800 ரூபாய். அந்த அளவு நஷ்டத்துக்குச் சொத்துச் சேதப் பிரிவில் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. அதனால் புகாரில் பூட்டு பின்னால் போய், ஆபாசமாகத் திட்டினார், கொன்றுவிடுவேன் என்றார் என்பவை முன்னால் வந்தன. பாரதிய நியாய சம்ஹிதையில் 296(பி), 351(3). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 506(2) ஜோடிதான், எண் மட்டும் மாறியிருக்கிறது. கேமராவில் குரல் பதியவில்லை. கிரைண்டர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போக வேண்டியவர், பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார், போலீஸ் சரிபார்ப்பில் நின்றுவிட்டது. கடைசியில் இரு தரப்பும் சமரசமாகி, உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தோம். அதற்குள் பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் வீட்டில் கார் மகனுடையது. பூட்டை உடைக்கப் போவதும் அநேகமாக அவன்தான். வேலைக்கோ வெளிநாட்டுக்கோ முயலும் வயதில் அவன் பெயரில் எஃப்.ஐ.ஆர். வேண்டுமா?

மெயின்டனன்ஸை நிறுத்துவது இதைவிடப் பெரிய அபத்தம். நிறுத்திய நாளிலிருந்து நீங்கள் பாக்கிதாரர். சங்கம் வசூல் வழக்குப் போட்டால் அபராதம் தள்ளுபடியாகலாம், மெயின்டனன்ஸ் தள்ளுபடியாகாது. வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி சங்கத்தின் தடையில்லாச் சான்று கேட்கும், அப்போது அதே செயலாளரிடம் போய் நிற்பீர்கள். அதனால் அபராதத்தைக் கழித்துவிட்டு, மெயின்டனன்ஸை மட்டும் மாதாமாதம் வங்கி வழியாகக் கட்டுங்கள். இன்ன மாதத்துக்கான மெயின்டனன்ஸ் என்று குறிப்பிட்டு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.

சிவில் வழக்கு போட்டுத் தடையாணை கேட்கலாம். ஜெயித்தால் அபராதம் போகும், இரண்டாவது காருக்கு இடம் வராது. 14,500 ரூபாய்க்காக நீதிமன்றம் போனால் என் ஃபீஸ் அதைத் தாண்டிவிடும், நானே சொல்கிறேன்.

சமரசம் பேசுங்கள், செயலாளரிடம் அல்ல, தலைவரிடம். ஐந்தாயிரத்துக்குள் முடியப் பாருங்கள். 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன், இதனால் அபராத விதியை ஏற்றதாகாது' என்று கடிதம் கொடுங்கள். பூட்டை எடுத்துவிட்டதாகவும் வேறு பாக்கி இல்லை என்றும் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தி போதாது. காருக்கு வெளியே மாத வாடகையில் இடம் பாருங்கள். பள்ளிக்கரணை என்கிறீர்கள், கொஞ்சம் மேடான இடமாகவே பாருங்கள்.