16 வயது மகன் பீர் குடித்துவிட்டு நிதானமாகவே இருந்தான். அவன் மூளைக்கு உண்மையிலேயே கெடுதல் உண்டா?

கேள்வியில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மகன் நண்பர்களோடு மூன்று பீர் குடித்துவிட்டு வந்தும் தள்ளாடவில்லை. "பையன் தாங்குகிறான், பயப்படாதே. வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம்" என்கிறார் உங்கள் கணவர். கஞ்சாவுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்று உங்களுக்கும் மனதின் ஓரத்தில் ஓர் ஆறுதல். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தத் "தாங்குகிறான்" என்ற சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு.

17 வயதில் நானும் தாங்கியவன்தான். ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் குடித்தோம். ஒருவன் வாந்தி எடுத்தான், ஒருவன் சுவரோரமாகவே தூங்கிப்போனான். நான் மட்டும் கடைசிவரை நின்றேன் என்று மறுநாள் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமைப்பட நேரமில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் என் சட்டை ஈரமாகத் தொங்குகிறது, மேல் பட்டன் இல்லை. அக்காவிடம் கேட்டேன். "ராத்திரி நீதானே துவைத்துப் போட்டாய்? பட்டனை என் கையில் கொடுத்து, நாளைக்குத் தைத்துக் கொடு என்றாயே" என்றாள். அவளுடைய தையல் டப்பாவில் பட்டன் இருந்தது, நூலோடு. வீட்டுக்கு நடந்து வந்தது, சட்டையைத் துவைத்தது, அவளிடம் பேசியது எதுவுமே என்னிடம் இல்லை. இன்றுவரை இல்லை. வாடை அடித்ததாம், ஆனால் பேச்சு ஒழுங்காக இருந்ததால் அதிகம் குடித்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாளாம்.

இதைத்தான் பிளாக் அவுட் என்கிறார்கள். மட்டையாகி விழுவது வேறு, இது வேறு. ஆள் நடப்பான், பேசுவான், பட்டன் அறுந்ததைக்கூடக் கவனிப்பான். ஆனால் நடப்பதை நினைவாகப் பதிந்துவைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேலை நிறுத்தம் செய்துவிடும். அந்த நேரத்தில் நடந்தது மறந்துபோனது என்று சொல்வதுகூடத் தப்பு. பதிவே ஆகாததை எங்கே போய் மீட்பது?

இப்போது உங்கள் மகனின் நிதானத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்குச் சாராயத்தை ஊற்றிச் சோதிக்க முடியாது என்பதால் இதில் பெரும்பகுதி எலிகளிடம் கற்றது. ஒரே அளவு ஆல்கஹால் கொடுத்தால் வளர்ந்த எலி சுருண்டு தூங்குகிறது. இளம் எலி தாமதமாகத் தூங்கிச் சீக்கிரம் எழுந்துவிடுகிறது, தள்ளாட்டமும் குறைவு. ஆனால் ஹிப்போகாம்பஸில் நினைவு பதியும் வேலையை ஆல்கஹால் தடுப்பது இளம் எலியில்தான் அதிகம். அதாவது, வெளியே தெரிகிற பாதிப்பு குறைவு, உள்ளே தெரியாத பாதிப்பு கூடுதல்.

இதன் விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். குடிக்கிறவனைப் பாதி நேரம் நிறுத்துவது அவன் புத்தி இல்லை, அவன் உடம்பு. கண் சொருகுகிறது, கால் பின்னுகிறது, போதும் என்று கிளாஸைக் கீழே வைக்கிறான். 16 வயதில் அந்த மணி சரியாக அடிப்பதில்லை. அதனால் இன்னும் ஒன்று, அப்புறம் இன்னும் ஒன்று. தாங்குவது பலம் என்று நண்பர்களும் சொல்கிறார்கள், அப்பாவும் சொல்கிறார்.

நிறுத்தச் சொல்கிற புத்தியாவது இருக்கிறதா என்றால், அதற்கான முன்நெற்றிப் பகுதிதான் மூளையில் கடைசியாக முதிர்கிறது. பதின்வயதில் மூளை பயன்படாத இணைப்புகளைக் கழித்து, பயன்படும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை சுற்றிக்கொண்டிருக்கிறது. சுகத்தைத் தேடும் பகுதிகள் முன்னாலேயே சூடுபிடித்துவிட, கடிவாளம் பிடிக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை மெதுவாக வருகிறது. (25 வயதில் டக்கென்று முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை.) அமெரிக்காவில் 12 முதல் 21 வயதுவரை உள்ள 800க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் சேரும்போது குடிக்காதவர்கள், அல்லது தொட்டுப் பார்த்தவர்கள். பிறகு அதிகமாகக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருள் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. அடிக்கடி, நிறையக் குடித்தவர்கள் கதை இது. ஒரு நாள் மூன்று பீரில் உங்கள் மகன் மூளை கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணவர் யோசனை பலர் வீட்டிலும் கேட்பதுதான், கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 2010 முதல் 2016 வரை பின்தொடர்ந்து இதையே பார்த்தார்கள். பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியது. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் இது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளின் சுபாவம், வீட்டுச் சூழல் இரண்டும் இதில் கலந்திருக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் தள்ளிப்போட முடிந்த ஒவ்வொரு வருடமும் லாபம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கஞ்சா பற்றி. மூளை தானே சுரக்கும் சில பொருள்கள் நரம்பு இணைப்புகளை ஒழுங்குபடுத்துகின்றன. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அவற்றுக்கான பூட்டில் போய் உட்காருகிறது. நியூசிலாந்தின் டனீடின் ஊரில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் ஐக்யூ 38 வயதுக்குள் 8 புள்ளிவரை குறைந்திருந்தது. ஆனால் பிற்பாடு வந்த இரட்டையர் ஆய்வுகளில் புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே இதில் சண்டை ஓயவில்லை. கஞ்சாவுக்கும் மனச்சிதைவு என்ற மனநோய்க்கும் உள்ள தொடர்புக்குச் சான்று இதைவிடக் கனமானது, குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் நான் துளியும் சமரசம் செய்ய மாட்டேன். அதற்காகப் பீரை நல்ல பிள்ளை ஆக்க வேண்டியதில்லை.

மகனிடம் பேசும்போது "எவ்வளவு குடித்தாய்?" என்று தொடங்காதீர்கள். குறைத்துத்தான் சொல்வான், நானும் அப்படித்தான் சொன்னேன். "காலையில் யோசித்தால் ராத்திரியில் ஏதாவது ஒரு துண்டு காணவில்லையா?" என்று கேளுங்கள். காணவில்லை என்றால், அவனைத் தனியாக ஒரு டாக்டரிடம் பேச விடுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: குடித்த நண்பன் ஒருவன் எவ்வளவு எழுப்பினாலும் எழவில்லை என்றால் தூங்கட்டும் என்று விடக்கூடாது. வயிற்றில் இருக்கும் சரக்கு அதற்குப் பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், திட்டு விழுமே என்று யோசிக்காமல். அன்று சுவரோரம் தூங்கியவனை நாங்கள் யாரும் எழுப்பிப் பார்க்கவே இல்லை.