பஞ்சுத் தலையணைக்கு இரண்டு தடவை கூலியா?

தபால், பார்சல் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, 31 வருடம் அஞ்சலகத்தில் வேலை பார்த்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து 2 மாதம் ஆகிறது. போடியிலிருந்து அம்மா இலவம்பஞ்சில் ஒரு சின்ன மெத்தையும் 2 தலையணையும் தைத்து, தனியார் கூரியர் ஒன்றில் 460 ரூபாய் கட்டி அனுப்பினார். நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். டெலிவரிக்கு வந்த பையன், "இன்னும் 150 கொடுத்தால்தான் பார்சல்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு முதலில், "உங்க ஊரு லைன்ல இல்லக்கா, எக்ஸ்ட்ரா கிலோமீட்டர்" என்றார். என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தியதும், "வால்யூம் வெயிட் ஜாஸ்தி" என்றார். கொடுத்துவிட்டோம். ரசீது தரவில்லை. அம்மாவிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று சொல்லவும் இல்லை. அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: கிடைக்க வழி இருக்கிறது அம்மா. ஆனால் உங்கள் அம்மாவிடம் சொல்லாமல் கிடைக்காது. பில் அவர் பெயரில் இருக்கிறது. 460 ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டவர் போடியில் இருக்கிறார். கேட்க வேண்டிய இடம் அந்தக் கடைதான். உங்கள் வாசலுக்கு வந்த பையனிடம் மல்லுக்கு நின்று பிரயோஜனம் இல்லை.

என் மைத்துனர் 6 வருடம் கூரியர் கிளை எடுத்து நடத்தினார். சாயங்காலம் அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பார்சலைப் பதிவு செய்கிற கிளைக்குப் பணத்தில் நல்ல பங்கு. கொண்டுபோய்க் கொடுக்கிற கிளைக்கு ஒரு உருப்படிக்குச் சில ரூபாய்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் கொடுத்தாலும் அதே காசு, 14 கிலோமீட்டர் தள்ளி வயல் நடுவில் கொடுத்தாலும் அதே காசு. பெட்ரோலுக்கே கட்டாது. அதனால் கிராமத்துப் பார்சல்களை 4 நாள் சேர்த்துவைப்பார்கள். இல்லையென்றால், "டவுனுக்கு வந்து வாங்கிக்குங்க" என்று போன் போடுவார்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் வீட்டில் நடந்தது நடக்கும்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் வண்டிக்கு அவன்தானே பெட்ரோல் போடுகிறான். ஆனால் இது போடிக் கிளைக்கும் திருத்துறைப்பூண்டிக் கிளைக்கும் உள்ள பங்காளிச் சண்டை. பதிவு செய்யும்போதே பின்கோடு கேட்டுத்தான் பில் போடுகிறார்கள். எட்டாத ஊர் என்றால் அங்கேயே சொல்லி அங்கேயே வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் பாஷையில் இப்படி எட்டாத ஊருக்கு 'ஓடிஏ' (அவுட் ஆஃப் டெலிவரி ஏரியா, டெலிவரி எல்லைக்கு வெளியே) என்று பெயரே இருக்கிறது.

வால்யூம் வெயிட் என்பது கட்டுக்கதை இல்லை. பஞ்சு மாதிரி எடை குறைந்து இடத்தை அடைக்கிற சாமானுக்கு, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். உங்கள் மூட்டை 60, 45, 30 என்று வைத்துக்கொண்டால் 81,000 வரும். வகுத்தால் 16 கிலோ 200 கிராம். தராசில் வைத்தால் 5 கிலோகூட இருக்காது. எங்கள் ஸ்பீடு போஸ்ட் பார்சலிலும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் டேப்பை நீட்டி அளக்க வேண்டிய இடம் பதிவு செய்கிற மேஜை. போடியில் அளக்காமல் விட்டதை, 2 மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் வந்து அளக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ஒரே ஆள் ஒரே மூச்சில் 2 காரணம் சொன்னார். அப்போதே தெரியவில்லையா, காகிதத்தில் இரண்டுமே இல்லை என்று?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. வேலையில் சேர்ந்த புதிது. தீபாவளி நெரிசல். பித்தளை எடைக்கல் வைத்து நிறுக்கிற காலம். சென்னைக்குப் போகிற பலகாரப் பார்சல் ஒன்றுக்கு, எடைக்கல் தட்டில் விரித்த தாளுக்கு அடியில் ஒரு கல் ஒளிந்திருந்தது தெரியாமல், எடையைக் குறைத்துப் பதிந்துவிட்டேன். பை கட்டும்போது போஸ்ட்மாஸ்டர் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, தராசைக் காட்டினார். குறைந்த 12 ரூபாயை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து டிராயரில் போடச் சொன்னார். அன்று மதியம் எனக்கு டீ கிடையாது. பலகாரத்தை வாங்குகிறவரிடம் வசூலிக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. அம்மாவிடம் சொல்லி பில்லை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எடைக் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது, பின்கோடு உங்கள் ஊருடையதுதானா, இந்த இரண்டையும் பாருங்கள். பின்கோடு சரியாக இருந்தால் 'லைன்ல இல்ல' என்கிற பேச்சு அடிபட்டுப்போகும். பிறகு அம்மாவோ, அவருக்காக ஒருவரோ, அந்தப் பில்லோடு போடிக் கடைக்குப் போகட்டும். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நாளைக்கும் அதே தெருவில் கடை திறக்க வேண்டியவர் 150 ரூபாய்க்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் கைவிரித்தால், நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு புகார். அதற்கும் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய காசுக்கு ரசீது தராததே முறையற்ற வணிகம். அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்கள். பணம் கட்டியது அம்மா என்றாலும், அவர் கட்டிய சேவையின் பலன் உங்களுக்கு என்பதால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 வருடம் அவகாசம் உண்டு, உங்கள் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஆனால் கைக்குழந்தையோடு அதற்கெல்லாம் அலைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 1915 வரை போங்கள், போதும்.

150 ரூபாயைப் போனில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தேதி, நேரம், பையன் பேசிய போன் நம்பர் எல்லாவற்றையும் இன்றே எழுதிவையுங்கள். இனி யாராவது இப்படிக் கேட்டால், கையெழுத்துக்கு நீட்டுகிற தாளில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், 'கூடுதலாக ரூ.150 வாங்கினார்' என்று எழுதுங்கள். பேனா 'கூடுதலாக' என்பதைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர், "விடுங்கக்கா, பரவால்ல" என்று கிளம்பிவிடுவார்கள். தாள் இல்லை, ஓடிபி என்றால், மூட்டை உங்கள் கைக்கு வரும்வரை எண்ணைச் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை தபாலில் அனுப்பச் சொல்லுங்கள் என்றால், 'சொந்தக் கடைக்கு விளம்பரமா?' என்பீர்கள். இருக்கட்டும். நாட்டில் சுமார் 1.64 லட்சம் தபால் ஆபீஸ், பத்தில் ஒன்பது கிராமத்தில். உங்கள் ஊர் அவர்களுக்கு 'லைன்ல' தான் இருக்கிறது.

கேள்வி: 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்தில் 25 ரூபாய் கட்டுங்கள்' என்று தபால் துறை பெயரில் மெசேஜ் வந்தது. நான் எதுவும் ஆர்டர் போடவில்லை. கட்டலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஆர்டரே போடாத பார்சலுக்கு எதற்கையா பணம்? தபால் துறை இப்படி லிங்க் அனுப்பிக் காசு கேட்பதில்லை. இதை அனுப்பிய மோசடிக்காரர்களுக்கு வேண்டியது உங்கள் 25 ரூபாய் இல்லை, கட்டும்போது நீங்கள் தட்டுகிற கார்டு நம்பர். ஏற்கெனவே தட்டிவிட்டீர்கள் என்றால், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போடுங்கள், பிறகு பேங்குக்கு.

கேள்வி: சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. ஸ்டாம்பு ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் போஸ்ட்மேன் 20 ரூபாய் கேட்டார். பத்திரிகை வாங்குகிற நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: எத்தனை ரூபாய் ஸ்டாம்பு என்று எழுதவில்லையே! 5 ரூபாய் ஸ்டாம்பாக இருக்கும். அது 20 கிராம் வரைக்கும்தான். இந்தக் காலத்துப் பத்திரிகை, வெல்வெட்டும் பிள்ளையார் படமுமாகச் சாதாரணமாக 50 கிராம் வரும். அதற்கு 15 ரூபாய் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டது 10, தண்டம் அதற்கு இரட்டிப்பு, ஆக 20. கவரில் 'T' என்று முத்திரை இருந்ததா பாருங்கள். பிரெஞ்சில் 'டாக்ஸ்' என்பதன் முதல் எழுத்து. நம் ஊரில் இதைத்தான் பேரிங் தபால் என்போம். ஸ்டாம்பு ஒட்டினால் தொலைந்தாலும் தொலையும், பேரிங் போட்டால் காசு வசூலிக்கவாவது தேடிவந்து கொடுப்பான் என்று வேண்டுமென்றே பேரிங்கில் போட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

இது கூரியர் பையன் கேட்ட காசு மாதிரி இல்லை, கணக்கு உள்ள காசு. வேண்டாம் என்றால் வாங்க மறுக்கலாம். திரும்பிப் போகும், அனுப்பியவர் கட்ட வேண்டியதுதான். 1898-ஆம் வருடத்துத் தபால் சட்டத்தில் ஒரு வேடிக்கையான விலக்குக்கூட இருந்தது. ஒருவரைத் தொல்லைப்படுத்தவே இப்படி அனுப்பியதாகத் தெரிந்தால், தண்டத்தைத் தள்ளுபடி செய்யலாம்! சித்தப்பா அந்த எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார். மஞ்சள் தடவிய பத்திரிகையைத் திருப்பி அனுப்பினால் அப்புறம் அந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது. 20 ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, மனசு ஆறவில்லை என்றால் மொய்யில் கழித்துக்கொள்ளுங்கள்.