ஆறு இஞ்ச் வேண்டாம், நாலு இஞ்ச் போதும்

கேள்வி: பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டு ஷெட்டில் சின்ன மில்லிங் மெஷின் ஒன்று போட்டிருக்கிறேன். டேபிள் 500-க்கு 160 மி.மீ. இப்போதைக்கு ஜாப்பை (வேலைத் துண்டை) டிரில்லிங் மெஷினுக்கான வைஸில்தான் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்தான்) பிடிக்கிறேன். மேல்முகம் ஓட்டி எடுத்தால் ஒரு ஓரம் 0.15 மி.மீ. தடித்து நிற்கிறது. ஸ்விவல் பேஸோடு (கோணத்துக்குத் திருப்பும் அடித்தட்டோடு) 6 இஞ்ச் ஜா அகலமுள்ள வைஸ் வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்கிறார் கடைக்காரர். மருமகனோ, இறுக்கும்போதே ஜாவைக் கீழே அமுக்கும் ஆங்கிள்-லாக் வைஸ் 4 இஞ்சில் போதும் என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகர், கணபதி, கோவை

பதில்: வணக்கம் ஐயா. மருமகன் சொல்வதையே கேளுங்கள். ஏன் என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

தடித்து நிற்கும் ஓரம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். வைஸின் அசையாத தாடையான பிக்சட் ஜா பக்கம் தடித்தும், நகரும் தாடையான மூவிங் ஜா பக்கம் மெலிந்தும் இருந்தால், இறுக்கும்போது மூவிங் ஜா ஜாப்பையும் சேர்த்துத் தூக்குகிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ கீழே இருந்து தள்ளுகிறது, ஜாப் மேலே நின்று எதிர்க்கிறது. கால்மாட்டில் தள்ளிய பீரோவின் தலை பின்னால் சாய்வதைப் போல ஜா சாய்கிறது. அதன் முகம் மேலே எழும்புகிறது. தூக்கி நிற்கும் பக்கத்தில் கட்டர் கூடுதலாகச் சீவிவிடும். டிரில்லிங் வைஸில் ஜா ஓடும் வழித்தடம் லூசாகவே இருக்கும். துளை போடுவதற்கு அது போதும். பக்கவாட்டில் அடிக்கும் எண்ட் மில் என்ற மில்லிங் கட்டருக்குப் போதாது.

ஆங்கிள்-லாக் தீர்ப்பது இந்தக் குறையைத்தான். அமெரிக்காவின் கர்ட் கம்பெனி வைஸ்களால் பெயர் பெற்ற அமைப்பு இது. ஸ்க்ரூ இழுக்கும் நட்டின் சாய்வான முகம், ஜாவுக்குள் உட்கார்ந்திருக்கும் அரைக்குண்டின் மேல் அழுத்துகிறது. விசையின் ஒரு பங்கு ஜாவை முன்னால் தள்ளும்போதே இன்னொரு பங்கு கீழே அமுக்குகிறது. எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவுக்கு ஜா வைஸின் படுக்கையோடு ஒட்டும்.

6 இஞ்ச் நல்ல வைஸ்தான், ஆனால் பெரிய மெஷினுக்கு. தரமான 6 இஞ்ச் வைஸ் 30 கிலோவைத் தாண்டும். 160 மி.மீ. டேபிளில் அது முன்னும் பின்னும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். டேபிளைப் பின்னால் ஓட்டும்போது மெஷினின் பின்தூணான காலம்னில் இடிக்கும். உயரத்தில் இன்னும் பெரிய நஷ்டம். ஸ்விவல் பேஸோடு சேர்த்தால் ஜாப் உட்காரும் இடமே டேபிளிலிருந்து ஏறக்குறைய 110 மி.மீ. மேலே போய்விடும். அதற்கு மேல் ஆர்பரோடு (ஸ்பிண்டிலில் மாட்டும் தண்டோடு) டிரில்லைப் பிடிக்கும் சக் 100 மி.மீ., சக்குக்கு வெளியே நீளும் 10 மி.மீ. டிரில் இன்னொரு 100. உங்கள் மெஷினில் ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவே 300 மி.மீ. தான் கிடைக்கிறதென்றால் ஜாப் வைக்கவே இடமில்லை.

ஸ்விவல் பேஸ் கூடுதல் வசதி என்று விற்கிறார்கள். வீட்டு மெஷினில் கோணமாக ஓட்டும் வேலை அபூர்வம். நடுவில் ஒரு தட்டு கூடினால் அதிர்வும் கூடும். சின்ன மெஷினில் இருக்கிற கொஞ்ச விறைப்பை அதற்காக இழக்கக் கூடாது.

சின்னச் சின்ன ஜாப்தான் என்றால் ஸ்க்ரூ வெளியே தெரியாத டூல்மேக்கர் வைஸும் நல்ல தேர்வு. எல்லாப் பக்கமும் கிரைண்டிங் செய்திருப்பதால் படுக்க வைத்தும் கட்டலாம். ஜாப்பின் ஒவ்வொரு அளவுக்கும் ஜாவை இழுக்கும் பின் என்ற கம்பியை வேறு காடிக்கு மாற்ற வேண்டும், அதில் கொஞ்சம் பொறுமை தேவை.

கடைக்குப் போகும்போது ஜாப்பின் அடியில் வைக்கும் சம உயரப் பட்டைகளான ஒரு ஜோடி பேரலலும், காந்த ஸ்டாண்டோடு டயலும் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவியும்), நான்கு முகமும் கிரைண்டிங் செய்த ஒரு பிளாக்கும் கையோடு கொண்டுபோங்கள். பிளாக்கைப் பேரலல் மேல் வைத்து இறுக்குங்கள். இரண்டு பேரலலையும் விரலால் அசைத்துப் பாருங்கள். மூவிங் ஜா பக்கத்துப் பேரலல் ஆடினால் அந்த வைஸ் எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். டயலை மூவிங் ஜாவின் தலையில் வைத்து இறுக்கும்போது 0.02 மி.மீ. வரை ஏறினால் பரவாயில்லை. ஜா பிளேட்டுகள் போல்ட்டில் கழற்றக் கூடியவையா என்று கேளுங்கள். நாளை அலுமினியத்தில் ஜாப்பின் வடிவத்துக்கேற்ற சாஃப்ட் ஜா செய்து மாட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

வீட்டில் கட்டும்போது ஒரு போல்ட்டை இறுக்கி, மற்றதை லேசாக விட்டு, பிக்சட் ஜாவின் முகத்தில் டயலை ஓட்டி, காப்பர் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்குங்கள். ஒரு முகம் மட்டும் ஓட்டிய, மற்ற முகங்கள் கரடுமுரடான ஜாப் பிடிக்கும்போது மூவிங் ஜாவுக்கும் ஜாப்புக்கும் நடுவே ஒரு உருண்டைக் கம்பியைப் படுக்கையாக வையுங்கள். அப்போதுதான் ஓட்டிய முகம் பிக்சட் ஜாவோடு முழுசாக ஒட்டும். வைஸின் ஒரு ஓரத்தில் மட்டும் ஜாப் பிடிக்க நேர்ந்தால் மறு ஓரத்தில் அதே தடிமனில் ஒரு துண்டைச் சொருகுங்கள். ஹாண்டிலில் பைப் மாட்டி இறுக்காதீர்கள். இறுக்கியதும் ஹாண்டிலைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பிண்டிலை ஓட விடுங்கள்.

வாங்கும் முன் உங்கள் டேபிளில் போல்ட் மாட்டும் டி-ஸ்லாட் காடியின் அகலத்தையும், ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வைஸின் போல்ட் காடிகள் அதற்குப் பொருந்தாவிட்டால் தனியாகக் கிளாம்ப் வாங்க வேண்டியிருக்கும்.